பெரட்டுக்கு வந்தவங்க வேலைக்குப் போகல

கம்ப்யூட்டர் கேம் செய்யிற தொழில்ல விளையாடுறது வாங்குறவங்க மட்டும்தான், செய்யிறவங்களுக்கு மாட்டு வேலை. முடியாத வேலைய முடிஞ்சிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து, உங்க நாற்காலிக்குப் பின்னால நிக்கிற முதலாளிகிட்ட நீங்களும் குப்பை கொட்டியிருந்தா, இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வயிறு எரியும்.

ஈப்போ குனோங் ராபாட்ல ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில எங்க கம்பெனி. ரப்பர் தோட்டத்தை நடத்துற கேம் ஒண்ணு செஞ்சோம். விளையாடுறவர்தான் தொரை. திரையில வர்ற தோட்டத்து ஆளுங்களுக்குப் பசி, தூக்கம், கோபம் எல்லாம் உண்டு. அதை வச்சு அவங்களே முடிவு பண்ணி நடந்துக்குவாங்க. அவங்களுக்கு அந்த மூளைய எழுதினவ நான்.

சும்மா நிக்கிறாங்க

ஆரம்பத்துல ஆளுங்க எங்க வேலைக்குப் போறதுன்னு தெரியாம அவங்க குடியிருக்கிற லயத்து வீடுகளுக்கு முன்னால சுத்திக்கிட்டே இருந்தாங்க. எங்கம்மா தோட்டத்துல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவங்க. அவங்ககிட்ட கேட்டேன். விடியறதுக்கு முன்ன எல்லாரும் பெரட்டுக்குப் போய் வரிசையா நிக்கணும், பேரு கூப்பிட்டு யாருக்கு எந்த மரம்னு சொல்லுவாங்கன்னாங்க. அதையே கேம்ல வச்சேன். வரிசையில நிக்கும்போது பக்கத்து ஆளுகிட்ட பேசாம இருப்பாங்களா? அதையும் சேர்த்தேன். ஒருத்தர் கோபம் அடுத்தவருக்குக் கொஞ்சம் ஒட்டும், அவ்வளவுதான். எங்க முதலாளி மோகன் அண்ணே வந்து பார்த்தாரு. "இத்தனை பேரு சும்மா நிக்கிறாங்க, இதுக்கு எவன்லா காசு குடுப்பான்?"

யாரும் எழுதாத ஸ்ட்ரைக்

எங்க கேமுக்குப் படம் வரையிறவ வெய் லிங். தோட்டத்துல மளிகைக் கடை வச்சிருந்த சீனர் மகள், என்னைவிட நல்லா தமிழ் பேசுவா. ஒருநாள் மதியம் அவ தொரையா உக்காந்து விளையாடிப் பார்த்தா. ஆளுங்களுக்குக் குடுக்கிற அரிசியக் குறைச்சு, ஆளுக்கு வெட்டவேண்டிய மரத்தைக் கூட்டிட்டா. கேம்ல பொழுது விடிஞ்சது. எல்லாரும் பெரட்டுக்கு வந்தாங்க. பேரு கூப்பிட்டாச்சு. ஒருத்தரும் கத்திய எடுக்கல. அப்படியே நின்னாங்க.

எங்கயோ சொதப்பிட்டேன்னு தலைகீழா நின்னு தேடினேன். தப்பே இல்ல. ஆளாளுக்கு இருந்த கோபம், வரிசையில பேசிப் பேசி ஒண்ணாயிடுச்சு. ஸ்ட்ரைக்குன்னு ஒரு வரி நான் எழுதல. வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட பெருமையா சொன்னேன். அவங்க ஒண்ணும் துள்ளிக் குதிக்கல. வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேட்டாங்க. "கடைசியில கேட்டதைக் குடுத்தாங்களா?"

வந்து பார்த்தவங்க

அந்தக் கேள்வி என்னை விடல. தொரை இறங்கி வந்து பேசி, அரிசியத் திருப்பிக் குடுத்தா ஆளுங்க வேலைக்குப் போற மாதிரி ஒரு வழி எழுத ஆரம்பிச்சேன். அது பாதியில நிக்கும்போதே, கேமை வெளியிடப்போற கம்பெனிக்காரங்க கோலாலம்பூர்ல இருந்து பார்க்க வந்துட்டாங்க. அதுல ஒருத்தர் உக்காந்த கையோட அரிசியில கை வச்சாரு. பெரட்டுல ஆளுங்க நின்னுட்டாங்க. அவரு மவுஸைத் தட்டு தட்டுன்னு தட்டுறாரு, ஒருத்தர்கூட அசையல. ஹேங் ஆயிடுச்சான்னு கேட்டாரு.

நான் வாயத் திறக்கிறதுக்குள்ள மோகன் அண்ணே முந்திக்கிட்டு, சின்னக் கோளாறு, பக்தான், தீபாவளிக்கு முன்ன சரியாயிடும், கேமும் வந்துடும்னுட்டாரு. அவங்க கார் கிளம்பினதும், அது பக் இல்ல அண்ணே, தொரை இறங்கி வந்தா அவங்களும் வேலைக்குப் போயிடுவாங்க, கொஞ்சம் டைம் குடுங்கன்னு கெஞ்சினேன். அவரு என் முகத்தைக்கூட பார்க்கல. "பக் இல்லன்னா அதைவிட மோசம்லா, தங்கச்சி. தூக்கிடு."

சிரிச்ச முகம்

பெரட்டைத் தூக்கினேன். தோட்டமே கிறுக்குப் பிடிச்சு ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஒருத்தர் ஆத்துக்குள்ள படுத்துத் தூங்குறாரு, ஒரு அம்மா பங்களா தூணுல பால் வெட்டுது. வேலைக்குப் போற வழியே பெரட்டுலதானே இருந்தது! அதனால பெரட்டைத் திரும்ப வச்சு, கோபத்தைத் தூக்கினேன். அது அருமையா ஓடிச்சு. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆத்திரம்.

கோபம் இல்லாதப்ப கோபப்பட்ட முகம் எதுக்குன்னு, வெய் லிங் பார்த்துப் பார்த்து வரைஞ்சதையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டாரு மோகன் அண்ணே. சிரிச்ச முகம் மட்டும் மிச்சம். அரிசிய மொத்தமா நிறுத்திப் பார்த்தோம். பெரட்டுக்கு வந்தாங்க, வேலைக்குப் போனாங்க, பசியில ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. வெய் லிங் திரையவே பார்த்துக்கிட்டு இருந்தா. "செத்து விழும்போதும் சிரிக்குதுங்க அக்கா."

பாகான் செராய் தம்பி

சொன்ன மாதிரியே கேம் வெளிய வந்தது. நின்னு நின்னு ஓடுது, சேமிச்சு வச்ச ஆட்டம் காணாம போகுதுன்னு ஒரே திட்டு. பதில் சொல்ற வேலையும் என் தலையிலதான் விழுந்தது. பாகான் செராய்ல இருந்து ஒரு தம்பி மட்டும் ரொம்ப மரியாதையா போன்ல பேசினாரு. அவரு தாத்தாவும் தோட்டத்துல இருந்தவராம், கேம்ல வர்றவங்க அப்படியே நம்ம ஆளுங்க மாதிரி இருக்காங்களாம். எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. குறை ஏதாச்சும் இருக்கா தம்பின்னு நானாத்தான் வாயக் குடுத்தேன். "ஆளுங்க சில நேரம் மெதுவா நடக்கிறாங்கக்கா, அடிக்கிற பட்டன் எங்க இருக்கு?"

எங்க பெரட்டு

எங்க கம்பெனியில தினம் காலையில எல்லாரும் வட்டமா நின்னு, அன்னைக்கு யாருக்கு என்ன வேலைன்னு பேசுவோம். கேம் செய்யிற இடத்துலயெல்லாம் இது வழக்கம். தீபாவளி வாரத்துல அந்த வட்டத்துல நின்னுக்கிட்டு மோகன் அண்ணே, புகாரெல்லாம் தீர்ற வரைக்கும் யாருக்கும் லீவு கிடையாது, தீபாவளியன்னைக்கும் வந்துடணும்னாரு. வெய் லிங் என்னைப் பார்த்தா. நான் தரையைப் பார்த்தேன். எல்லாருக்கும் உள்ளுக்குள்ள கொதிக்குதுன்னு தெரியும். அப்புறம் அவங்கவங்க இடத்துக்குப் போய் கம்ப்யூட்டரத் திறந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனப்ப அம்மா முறுக்கு சுட்டுக்கிட்டு இருந்தாங்க. நடந்ததைச் சொன்னேன். அடுப்பைத் தணிச்சு வச்சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "எல்லாரும் ஒண்ணாத்தானே நின்னீங்க?"

நான் எழுதாமலே ஸ்ட்ரைக் பண்ணினவங்களை என் கையாலயே அழிச்சாச்சு, இப்ப அந்த மாடியில மிச்சம் இருக்கிறது எழுதிக் குடுத்தாலும் பண்ணத் தெரியாத நாங்கதான்.