ஆடி முடியட்டும் என்றார்கள்

நாற்பத்தொன்றாம் வருஷம் வைகாசியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சீமையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் நம் பக்கம் இன்னும் வரவில்லை. என் பிறந்த வீடு பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். புகுந்த வீடு பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலை அடிவாரத்தில். இரண்டுமே அப்போது சேலம் ஜில்லாவில்தான் இருந்தன.

என் வீட்டுக்காரர் மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை பார்த்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சல்காரர்களுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பது, இதுதான் வேலை. கல்யாணத்துக்காக லீவு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். ஆவணி பிறந்ததும் கப்பலேறியாக வேண்டும். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். நானோ பிறந்ததிலிருந்தே வாயாடி. ஆனியோடு எங்கள் குடித்தனம் ஒரு சுற்று முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஒரு சுற்றுதான் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என்னை எப்படி அழைத்துப் போவது என்பதுதான் பிரச்சினை. கூலி ஆட்களைக் கப்பலேற்றக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்தது. அங்கே வேலையில் இருப்பவர் தன் பெண்டாட்டியை அழைத்துப் போகலாம், ஆனால் அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு இரண்டு வழி இருந்தது. அவர் இங்கே இருக்கும்போதே இருவரும் சேர்ந்து மனுப் போடுவது ஒன்று. அவர் முன்னால் போய், தோட்டத்துத் துரை மூலமாக எழுதி வாங்கி அனுப்ப, நான் பின்னால் போவது இன்னொன்று. இவர் முதல் வழிதான் நல்லது என்று மனுப் போட்டார். கையோடு கூட்டிப் போய்விடலாம் அல்லவா?

அதில் ஒரு நிபந்தனை இருந்தது. கூலிக்குப் பெண்களைப் பிடித்து, பெண்டாட்டி என்று பொய் சொல்லிக் கப்பலேற்றுகிறவர்கள் இருந்தார்களாம். அதனால் விசாரணை அதிகாரி புருஷன் வீட்டுக்கே வருவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறார்களா என்று கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார்.

அவர் வருவதாகச் சொல்லியனுப்பிய நாள் ஆடி மாதத்தில் வந்தது. அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது.

புதுப் பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டில் வைக்க மாட்டார்கள். ஆடியில் கரு தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். மாதம் பிறக்கும் முன்பே அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போய்விட்டார். அதிகாரியின் தகவல் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆடிப் பதினெட்டுக்கு முறைப்படி மாப்பிள்ளையை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். வந்தவர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். அதிகாரி வரும் நாளில் முதல் பஸ்ஸில் கூட்டிப் போய், அவர் பார்த்ததும் விளக்கு வைப்பதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன், ஒரு வேளை சோறுகூட அங்கே சாப்பிட வேண்டாம் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார்.

"ஆடி முடியட்டுமுங்க மாப்ள. தலைப்பிள்ள பொறக்கப் போற வூடு. ஒரு சொல்லு வந்துடக் கூடாதுங்க."

அம்மாவும் அதையே சொன்னாள். அங்கே என் மாமியாரும் ஆடியில் மருமகள் வாசற்படி ஏறக் கூடாது என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணத்தில் பந்தி சரியில்லை என்று சண்டை போட்ட இரண்டு வீடும் இதில் மட்டும் ஒரே குரலாகிவிட்டது! இன்னொரு வழிதான் இருக்கிறதே, அதில் போகட்டும், பெண் பதனமாக வந்து சேர்வாள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள்.

அன்றைக்கு எல்லோரும் ஒகேனக்கல் போனோம். ஆற்றில் வெள்ளம் நுங்கும் நுரையுமாகப் போனது. தலை முழுகி, கரையில் மஞ்சள் வைத்துக் கும்பிட்டு, தாலிக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். பெண்கள் துணி பிழிந்துகொண்டிருந்த நேரத்தில் நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் வர்றேனுங்க. இப்பவே கெளம்பலாம். யாரும் கூட்டி வர வேணாம், நடந்தே வர்றேன்" என்றேன்.

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்கப்பன் மனசு நோவ உன்னக் கூட்டிப் போனா, கடலுக்கு அந்தாண்ட ஒரு கஷ்டம்னா நீ யாருகிட்டப் போயி அழுவ? நான் போயி எழுதி வாங்கி அனுப்பறேன் புள்ள. தையில நீ அங்க இருப்ப."

கோபத்தில் அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

அதிகாரி வந்தார், பார்த்தார், மனைவி வீட்டில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஆடி என்று என் மாமியார் எடுத்துச் சொன்னதற்கு, தெரியும் தாயே, ஆனால் கண்ணில் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும் என்றாராம். மறு விசாரணை கேட்டால் இரண்டு மாதம் ஆகும். லீவு அதுவரை காத்திருக்காது. ஆவணி பிறந்ததும் என்னைப் புகுந்த வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பெட்டி கட்டத்தான் நேரம் இருந்தது. அவர் தனியாகக் கப்பலேறினார். நான் அப்பா வீட்டுக்குத் திரும்பினேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷன். கார்த்திகைக் கடைசியில் அனுமதிச் சீட்டு வந்து சேர்ந்தது. இன்னாருடைய மனைவி என்று என் பெயர் போட்டு, முத்திரை வைத்திருந்தது. அதே வாரம், ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான் என்று பென்னாகரம் சந்தையில் கேட்டுக்கொண்டு அப்பா ஓடி வந்தார்.

கிளம்புவதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எங்கள் பக்கம் ஒரு நல்ல காரியத்துக்கும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அப்பா யாரிடமும் நாள் கேட்கவில்லை. என்னையும் ஒரு தகரப் பெட்டியையும் வண்டியில் ஏற்றி, மொரப்பூரில் ரயில் பிடித்து, பட்டணத்துக்குக் கொண்டுபோய்விட்டார். ரயிலில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

கப்பல் ஆபீஸ் வாசலில் எங்களைப் போல் எத்தனையோ பேர். எங்கள் முறை வந்தபோது குமாஸ்தா சீட்டை வாங்கிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் கப்பல் போகாது, எப்போது போகும் என்று கேட்காதீர்கள் என்றார். அப்பா நகரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மார்கழின்னுகூட பாக்காமக் கூட்டியாந்திருக்கேனுங்க சாமி."

அந்தக் குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் அப்பாவின் கையை மேஜையிலிருந்து எடுத்து வெளியே கூட்டி வந்தேன். நடைபாதையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவர் வாய்விட்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அனுமதிச் சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டேன்.

அதன் பிறகு கடிதம் ஏதும் இல்லை. யுத்தம் முடிந்து, அதே தோட்டத்தில் இருந்த அரூர் பக்கத்து ஆள் ஒருவர் உருக்குலைந்து திரும்பி வந்தார். சயாம் காட்டில் ரயில் பாதை போடத் தோட்டத்து ஆட்களை ஜப்பான்காரன் பிடித்துப் போனபோது, மருந்து தெரிந்தவர் என்று இவரையும் கொண்டுபோனானாம். காட்டுக்குள் போனதைப் பார்த்தவர் உண்டு, வந்ததைப் பார்த்தவர் இல்லை. அதற்கு மேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை.

அம்மா கயிற்றைக் கழற்றிவிடலாம் என்று அழுதாள். எந்தத் தேதிக்குக் கழற்றுவது, யார் பார்த்தார்கள் என்று அப்பா கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பாவும் சாகும்வரை என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசவில்லை. யாராவது கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன். எல்லோரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். யாரைத் திட்டுவது?

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் ஒகேனக்கல் போகிறேன். புதுப் பெண்களும் மாப்பிள்ளைகளும் கரையில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, என் கயிற்றை நானே மாற்றிக்கொள்வேன். ஆடி முடியட்டும் என்று அன்றைக்குச் சொன்னவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எனக்கு மட்டும் அந்த ஆடி இன்னும் முடியவில்லை.