திங்கட்கிழமை மாறியிருந்த கீபோர்டு

என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர்ல விதவிதமா லினக்ஸ் போட்டுப் பார்க்கிற பைத்தியம். உபுண்டு போட்டா டெபியன் மேல கண்ணு, டெபியன் போட்டா ஃபெடோரா மேல கண்ணு. கட்டற்ற மென்பொருள், யார் வேணும்னாலும் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் பெருமை பேசுவார். வீட்டோட நிறுத்தியிருந்தா எனக்கென்ன வந்துச்சு? வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ல நான் மனு டைப் அடிக்கிற கடையிலயும் கை வெச்சார்.

நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணவ. பழைய மெஷின்ல எந்த எழுத்து எங்க இருந்துச்சோ, கம்ப்யூட்டர்லயும் அங்கயே இருந்தாத்தான் என் விரல் ஓடும். கண்ணு பேப்பரை விட்டு நகரக் கூடாதுனு இன்ஸ்டிடியூட்ல ஸ்கேலால தட்டியே பழக்கினாங்க. இன்னிக்கும் அடிச்சு முடிக்காம நிமிர மாட்டேன்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குற நாள். காலையில இருந்து ஜெராக்ஸ்தான் ஓடிட்டிருந்துச்சு. மனு வாங்குற நேரம் முடியப் போறப்போ கீழ்பென்னாத்தூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா மூச்சு வாங்க வந்தாங்க. வேர்க்கடலை, எங்க பக்கத்து மல்லாட்டை, பிடுங்குற சமயத்துல, நிலத்துக்குப் போற வண்டிப்பாதையில பக்கத்து நிலத்துக்காரர் முள்வேலி போட்டுட்டாராம். அவங்க சொன்னதை நோட்டுல கிறுக்கி, அதைப் பார்த்து ரெண்டு பக்கம் தடதடனு அடிச்சேன். நிமிர்ந்தா, ஸ்கிரீன்ல ஒரு வார்த்தை கூட வார்த்தையா இல்ல.

ஞாயித்துக்கிழமை கடை மூடியிருந்தப்போ வந்து எல்லாத்தையும் மாத்தியிருக்கார் மனுஷன். போன் போட்டா பாடம் எடுக்கிறார். தமிழ்99ங்கிற கீபோர்டு முறைதான் விரலுக்கு நல்லதாம், ஒரு வாரத்துல பழகிடுமாம். மாத்தணும்னா பாஸ்வேர்டு வேணுமாம், சாயங்காலம் வந்து போட்டுத் தர்றாராம். தலையில அடிச்சுக்கிட்டு கையாலயே எழுத உட்கார்ந்தேன். கையால முழு மனு எழுதி எத்தனை வருஷமாச்சோ, எழுத்து கோணக்கோணலா போச்சு. அக்கா வாங்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினாங்க. கொஞ்ச நேரத்துல மனுவோடயே திரும்பி வந்தாங்க. வாங்குற நேரம் முடிஞ்சுபோச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலாம்.

சாயங்காலம் அவர் வந்ததும் கேட்டேன்: "யார் வேணும்னாலும் மாத்திக்கலாம்னு சொல்றீங்களே, அந்த யார்ல நான் இல்லையா?"

பழைய கீபோர்டு லேஅவுட்டைப் போட்டார். எப்படிப் போடறதுனு பக்கத்துலயே நின்னு கத்துக்கிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா விடிஞ்சதும் வந்தாங்க. வரிக்கு வரி நிமிர்ந்து பார்த்து அடிச்சேன். மனுவைக் குடுத்துட்டு வந்து, முந்தானையில முடிஞ்சிருந்த மல்லாட்டையை என் மேஜையில அவிழ்த்தாங்க. வண்டி போக வழியில்லாம பிடுங்காமக் கெடந்ததுல, நடுவுல மழை பேஞ்சிருக்கு.

"பாதி மண்ணுலயே முளைச்சுப்போச்சும்மா."

அன்னிக்குச் சாயங்காலமே இவர் வந்து நிக்கிறார். ஏதோ புது வெர்ஷன் வந்திருக்காம், பாஸ்வேர்டு சொல்லுன்னார். முளைவிட்ட அந்த மல்லாட்டையை ஒரு கைப்பிடி அள்ளி அவர் கையில வெச்சேன்.