இதழ்களின்ர வாய்

முல்லைத்தீவுக் கடற்கரையில பிறந்த எனக்குச் சின்னனிலயிருந்து தெரிஞ்ச கைவேலை, கிழிஞ்ச வலை பொத்துறதுதான். ஒரு ஓட்டையும் திறந்து கிடக்கக்கூடாது, மீன் போயிடும்.

போன வருசம் கனடாவில இருக்கிற தங்கச்சிக்கு மகள் பிறந்தாள். பெரியம்மா நான் அவளை ஃபோனிலதான் கண்டிருக்கிறன். அவளுக்கெண்டு ஒட்டுத்துணிப் போர்வை ஒண்டு தைக்க வெளிக்கிட்டன். வீடியோவில பார்த்தபடி சதுரத் துணிகளை மடிச்சு மடிச்சு, மேல எழும்பி நிக்கிற பூவிதழ்களாக்கினன். ஆனால் சின்னப் பை மாதிரி இதழ்களின்ர வாய் எல்லாம் திறந்து நிண்டது எனக்குப் பொறுக்கேல்ல. ஒண்டும் விடாமல் இறுக்கித் தைச்சுப்போட்டு, பெருமையோட தங்கச்சிக்குக் காட்டினன்.

“ஐயோ அக்கா, வலையே பொத்தினனீங்கள்?” எண்டு சிரிச்சாள். “இவள் விரலை உள்ளுக்கு விட்டு விளையாடவெல்லோ அந்த வாய்!”

எனக்குச் சரியான கோவம். இருந்தும் தையலைப் பிரிச்சன். ஒவ்வொரு இதழும் வாய் திறக்க, என்ர விரலை உள்ளுக்கு விட்டுப் பார்த்தன். பிள்ளையின்ர விரலும் இங்கதானே வரப்போகுது எண்டு நினைச்சன். கோவம் எங்க போச்சுதெண்டே தெரியேல்ல.

போர்வை போய்ச் சேர்ந்திட்டுது. நானும் அவளும் இதுவரைக்கும் தொட்டுக்கொண்டது அந்த மடிப்புகளுக்குள்ள மட்டும்தான்.