வருமான வரம்பும் அம்மாவின் கல்யாணமும்

என் அம்மா நடீன், டேட்டன் நகரத்தில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ள அவளுக்கு ஆளும் இருந்தார், ஆசையும் இருந்தது. என் படிப்புதான் குறுக்கே நின்றது.

மூன்றாம் வகுப்பில், அரசுப் பள்ளியில், நான் பேசுவதையே நிறுத்திவிட்டேன். அத்தனை பெரிய வகுப்பில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா என்னை எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் நடத்தும் பள்ளியில் சேர்த்தாள். கட்டணத்தை மாநில அரசின் உதவித்தொகை கட்டியது. ஆனால் வீட்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. அம்மாவின் சம்பளம் அதற்குச் சற்றுக் கீழே இருந்தது.

அம்மா கட்டிக்கொள்ள இருந்த வெர்னன், ஒரு லாரி மெக்கானிக். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், இறைச்சி சாப்பிடாத வெள்ளிக்கிழமைகளில், பங்கு மண்டபத்தில் மீன் பொரித்து விற்போம். எண்ணெய்ச் சட்டி அவர் பொறுப்பு, பரிமாறுவது அம்மா. பழக்கம் அங்கே தொடங்கியது. ஒரே வீட்டில் வாழ்ந்தால் அவர் சம்பளமும் கணக்கில் சேரும், உதவித்தொகை போய்விடும். அதனால் அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறையிலேயே இருந்தார். நான் பள்ளி முடித்ததும் கல்யாணம் என்று பேச்சு.

"இந்த வருஷமாவது எனக்கு ஒரு கல்யாண வேலை குடுப்பீங்களா?" என்று ஃபாதர் வரிசையில் நின்றபடி கேட்பார்.

"என்னைக் கேக்காதீங்க ஃபாதர். எல்லாருக்கும் மாமியார் தொல்லை. எனக்கு மாநில அரசு," என்பார் வெர்னன்.

"வாயை மூடிட்டு மீனைத் திருப்பு. கருகுது," என்பாள் அம்மா.

"கருகுறது மீன் இல்ல நடீன், என் வாலிபம்."

மண்டபமே சிரிக்கும்.

நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளுங்கள், நான் பழைய பள்ளிக்கே போகிறேன் என்று ஒருமுறை வெர்னனிடம் சொன்னேன். "நீ வாயைத் திறந்ததே இங்க வந்தப்புறம்தான். அடி வாங்குவ," என்றார்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அக்டோபரில், அவர் ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு. சனிக்கிழமையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். தகவல் கென்டக்கியில் இருந்த அவருடைய தங்கைக்குப் போனது. அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் யாரோ சொல்லித்தான் தெரியும்.

அடக்கத்தன்று குடும்பத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். நாங்கள் பின்னால் உட்கார்ந்தோம். வெளியே வந்ததும் அந்தத் தங்கை அம்மாவின் கையைப் பிடித்து, "நீங்க அண்ணனுக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"கோயில்ல ஒண்ணா மீன் பொரிப்போம்," என்றாள் அம்மா.

அடுத்த கோடையில் சட்டம் மாறியது. பள்ளி அலுவலகத்துப் பெகி தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது. "நடீன், வரம்பை எடுத்துட்டாங்க! பல் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக்கூட கொஞ்சமாவது கிடைக்குமாம்!"

"நல்லதுதானே. எல்லாப் பிள்ளையும் படிக்கட்டும்," என்று அம்மா வைத்துவிட்டாள்.

இந்த ஜூனில் நான் பள்ளி முடித்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த ஊரில் இருப்பே கொள்ளவில்லை. விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பவே கல்யாணம் பண்ணியிருக்கலாம்ல?"

"உன் படிப்பு?"

"எப்படியோ சமாளிச்சிருப்பேன்."

"சமாளிச்சிருப்ப," என்றாள். பிறகு, "அந்தச் சனிக்கிழமை நான் பக்கத்துல இருந்திருப்பேன்," என்றாள். எழுந்து போய், மறுநாள் வேலைக்குப் போடும் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.