ரயில் மேடையில் ஒரு பரீட்சை

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சுவிஸில் நொசாத்தல் நகரத்திலிருந்து நாங்கள் இருக்கிற லா ஷோ-து-ஃபோனுக்கு மலையேறி வருகிற ரயிலில் இருந்தேன். நேரம் பகல் ஒரு மணி. அந்த ஒரு மணியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்!

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில், ஒரு கட்டத்தில் திரும்பிப் போகப் பள்ளிக்கூடமே இருக்கவில்லை. இங்கே மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். சுபாவத்தில் பெரிய பயந்தாங்கொள்ளி. அடுப்பை அணைத்தேனா என்று பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வீட்டுக்கு ஓடியிருக்கிறேன். அடுப்பு அணைந்துதான் இருக்கும். திரும்பவும் தரிப்பிடத்துக்கு வந்து சேர்ந்ததும், கதவைப் பூட்டினேனா என்று யோசனை வரும்.

இப்படிப்பட்ட நான்தான் ஒருநாள் சபையில் கையை உயர்த்தினேன். நொசாத்தலில் ஒரு சுவிஸ் ஆலயத்தின் மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் வேறு நகரத்துக்குப் போய்விட்டார். மொத்தம் ஏழு பிள்ளைகள். எல்லோரும் இங்கே பிறந்தவர்கள், தங்களுக்குள் பிரெஞ்சில்தான் கதைப்பார்கள். பிரசங்கம் நடக்கும்போது பின் வரிசையில் சோர்ந்துபோய் இருப்பார்கள். யாராவது இணையவழிக் கிறிஸ்தவப் பாடசாலையில் ஆறு மாதம் படித்து, ஆசிரியர் சான்றிதழ் எடுத்து வந்தால் தை மாதம் வகுப்பைத் திரும்பத் தொடங்கலாம், இல்லாவிட்டால் வகுப்பையே மூட வேண்டியதுதான் என்று போதகர் சொன்னார். எனக்கு அந்தப் பிள்ளைகளில் சரியான விருப்பம். என்னை அறியாமலே கை மேலே போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சிரித்தார்.

“உமக்கேன் அப்பா இந்த வேலை? நகரசபையிலை இருந்து ஒரு கடிதம் வந்தாலே மூண்டு நாள் சாப்பிடமாட்டீர்!”

“நீங்கள் பேசாமல் இருங்கோ” என்றேன். உள்ளுக்குள் அவர் சொன்னது சரி என்றுதான் பட்டது.

ஆனால் படிக்கத் தொடங்கியதும் எனக்கு வேறு உலகம். பாடசாலையைக் கொழும்பிலிருந்து நடத்தினார்கள். வைகாசியிலிருந்து ஞாயிறுதோறும் இலங்கை நேரம் மாலை ஐந்தரைக்கு வகுப்பு. எங்களுக்கு அது பகல் இரண்டு மணி. சபையிலிருந்து ஓடிவந்து, குசினி மேசையில் போனை நிறுத்தி, கொப்பியும் பேனையுமாக இருப்பேன். முதல் நாள் ஆசிரியை வருகைப் பதிவில் என் பெயரை வாசித்ததும் “இருக்கிறேன் மிஸ்” என்று எழுந்து நின்றுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒருவர் என் பெயரை இடாப்பில் வாசிக்கிறார்!

கடைசிப் பரீட்சை வாய்மொழிப் பரீட்சை. ஒரு வேதக் கதையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலப் பத்து நிமிடம் சொல்ல வேண்டும். புத்தகமோ குறிப்போ கூடாது. முகமும் இரண்டு கைகளும் திரையில் தெரிய வேண்டும். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். எனக்குக் கிடைத்தது, கடலில் புயல் வந்து படகு தத்தளிக்கிற கதை. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரி என்னைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தாள்.

பரீட்சை நாள்தான் இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்புகிற நாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் எழும்பிச் சுவரில் இருந்தது, சமையல் அடுப்பில் இருந்தது எல்லாவற்றையும் நானே திருப்பினேன். படிக்க ஒரு மணித்தியாலம் கூடக் கிடைத்திருக்கிறது என்று கர்த்தருக்கு நன்றியும் சொன்னேன். ‘ஐரோப்பாவில் உள்ளவர்கள் நேர மாற்றத்தைக் கவனிக்கவும்’ என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் வந்திருந்தது. எங்கள் குழுவில் எந்த அறிவித்தல் வந்தாலும் எல்லோரும் ‘ஆமென்’ போடுவார்கள். நானும் இரண்டாம்தரம் வாசிக்காமல் ‘ஆமென்’ போட்டிருந்தேன்.

ஆராதனை முடிந்து ரயில் ஏறினேன். கணவருக்கு அன்றைக்கு வேலை, வீடு அமைதியாக இருக்கும். சேலை மாற்றி, ஒரு தேநீர் குடித்து, இரண்டு மணிக்கு ஆறுதலாகப் பரீட்சைக்கு இருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. என் வகுப்புத் தோழி. கூர் என்ற நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், என்னைவிட இளையவள். நேரில் சந்தித்ததே இல்லை.

“அக்கா, எங்க நிக்கிறியள்?”

“ரயிலிலை. ஏன்?”

“ஐயோ அக்கா! சோதனை தொடங்குது. உங்கட பேர்தான் முதல்!”

“ரெண்டு மணிக்கெல்லோ?”

“இலங்கையிலை ஆரக்கா மணிக்கூட்டைத் திருப்பினது? மணிக்கூடு செய்யிற ஊரிலை இருந்துகொண்டு கேக்கிற கேள்வியைப் பாருங்கோவன்!”

அவர்களுடைய ஐந்தரை அசையவில்லை. எங்களுக்குத்தான் அது இரண்டு மணியிலிருந்து ஒரு மணியாக மாறியிருக்கிறது. ஆறு மாதப் படிப்பும் ஏழு பிள்ளைகளும் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்துபோனார்கள்.

“அழாதேங்கோ அக்கா. மிஸ்ஸிட்டைக் கேட்டு நான் முதல் கதைக்கிறன். பத்து நிமிசம் இருக்கு. எங்கையாவது இறங்குங்கோ!” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ரயில் அப்போது ஷாம்ப்ரெலியன் என்ற மலை நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே வந்த ரயில் பின்பக்கம் முன்பக்கமாக மாறி, வேறு தண்டவாளத்தில் மேலே ஏறும். சாரதி இறங்கி மற்ற முனைக்கு நடந்து போய் ஏறுவார், அதனால் சில நிமிடம் நிற்கும். அதற்கு மேலே நீளமான சுரங்கம், போன் வேலை செய்யாது. சாரதி நடந்து முடித்துவிட்டார். கதவு மூடப்போகிற நேரம் நான் குதித்து இறங்கினேன். அடுத்த ரயில் எப்போது என்றுகூடப் பார்க்கவில்லை. நானா அது!

மேடையில் ஒரே குளிர்காற்று. போனைக் கைப்பையில் சாய்த்து அங்கிருந்த மர வாங்கில் வைத்தேன், விழுந்தது. தூணில் சாய்த்தேன், முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. மலையில் நடக்கிற தடிகளோடு ஒரு சுவிஸ் பெண் அந்த வாங்கின் மற்ற முனையில் இருந்து அப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எனக்குத் தெரிந்த தொழிற்சாலைப் பிரெஞ்சில் “மதாம், போன், பிடிக்க முடியுமா?” என்று கேட்டேன். அவர் சந்தோஷமாக வாங்கி, தூரத்து ஏரியும் தெரிகிறமாதிரி என்னை நிறுத்தி, அழகாக ஒரு படம் எடுத்துத் திருப்பித் தந்தார்!

“இல்லை மதாம். பரீட்சை. பத்து நிமிடம். நான் கதை சொல்ல வேண்டும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அப்பிளைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் போனைத் தூக்கிப் பிடித்தார்.

ஆசிரியையின் முகம் சின்னதாகத் தெரிந்தது. “சகோதரி, எங்கே நிற்கிறீர்கள்? சரி, தொடங்குங்கள்” என்றார்.

ஒரு சொல்லும் வரவில்லை. அத்தனை நாள் பாடமாக்கிய முதல் வசனமே காணாமல் போய்விட்டது. அப்போது போனுக்கு மேலே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். புருவத்தை உயர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து, என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டு இருந்தார். அந்த முகத்தைப் பார்த்து, பாடமாக்கியதை விட்டுவிட்டு, சும்மா சொல்லத் தொடங்கினேன். கையால் படகு செய்தேன். துடுப்பு வலித்தேன். கன்னத்தில் கையை வைத்து, ஒருவர் படகுக்குள் நித்திரை என்றேன். காற்று வந்தது, அலை வந்தது, நானே குனிந்து படகுத் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினேன்.

“சகோதரி, படம் ஆடுகிறதே!” என்று கொழும்பிலிருந்து சத்தம் கேட்டது. பார்த்தால், அந்தப் பெண் அலைக்கு ஏற்றமாதிரிப் போனை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நிற்கிறார்!

அந்த நேரம் பார்த்து, நொசாத்தல் பக்கம் இறங்குகிற ரயில் வந்து நின்றது. அது அவருடைய ரயில். அவர் திரும்பி ஒருதரம் பார்த்தார், பிறகு தொடரும்படி எனக்குத் தலையசைத்தார். கதவு திறந்தது, மூடியது, ரயில் போய்விட்டது. நான் நித்திரையில் இருந்தவரை எழுப்பினேன். ஒரு கையை நீட்டிக் காற்றை அடக்கினேன். போன் ஆடுவது மெல்ல மெல்ல நின்றது. அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

ஆசிரியை கேட்ட ஒரே கேள்வி இதுதான்: “போன் பிடிக்கிற அம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?”

“இல்லை மிஸ். இப்பதான் கண்டனான்.”

“அவவுக்கு என்ன விளங்கினதெண்டு கேட்டுச் சொல்லுங்கோ பாப்பம்.” எங்கள் எல்லோரோடும் புத்தகத் தமிழிலேயே கதைக்கிற மிஸ், அன்றைக்குத்தான் வீட்டுத் தமிழுக்கு வந்தார்.

கேட்டேன். அவர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். படகு, புயல், எல்லோரும் தண்ணீர் அள்ள ஒருவர் மட்டும் நித்திரை, மற்றவர்களுக்கு அவரில் கோபம், எழுந்து ஏதோ சொன்னார், கடல் அடங்கிவிட்டது. ஒன்றும் விடவில்லை. ஆசிரியை சிரித்தார். “பிரெஞ்சுப் பிள்ளையளுக்கு எப்பிடித் தமிழிலை சொல்லப்போறன் எண்டு போன மாதம் என்னட்டை அழுதனீங்கள் எல்லோ? எனக்கு வேறை கேள்வி இல்லை” என்றார். குழுவில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். கூர் தங்கச்சி விசிலே அடித்தாள்!

நான் அந்தப் பெண்ணிடம் ஓடி, உங்கள் ரயிலை என்னால் தவறவிட்டீர்களே என்று மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து அப்பிளை எடுத்துக் கடித்தபடி, படகுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படி ரயில் ஏறுவது என்று கேட்டார். என் ரயில் முதலில் வந்தது. ஜன்னலால் கையசைத்தேன், அவர் இரண்டு தடிகளையும் தூக்கி ஆட்டினார்.

தை மாதம் வகுப்புத் தொடங்கியது, இன்றைக்கும் நடக்கிறது. என் பயம் எங்கும் போகவில்லை, ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு வாசலில் திரும்பி ஓடலாமா என்றுதான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளுக்கு நடுவில் முடிவைக் கேட்கிற ஆசையோடு ஒரே ஒரு முகம் இருந்தால் எனக்கு அது போதும் என்பதை, பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்தப் பெண்தான் எனக்குக் காட்டித் தந்தார். அந்த முகத்தைத் தேடிப் பிடித்து, அதைப் பார்த்துத்தான் நான் இப்போது ஒவ்வொரு கதையையும் தொடங்குகிறேன்.