கிஃப்ட் என்ற சொல்லுக்கு அர்த்தம்

இன்று பாலவனத்தம் போகும் பஸ்ஸில் எங்கள் தெரு டெய்லர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சுவீடனில் வேலை பார்க்கும் ஒரே மகளின் ஃபேஸ்புக் பக்கத்தைக் காட்டினார். அவள் பெயருக்குக் கீழே 'கிஃப்ட்' என்று புதிதாக இருந்தது.

"புள்ளைக்கு ஏதோ பரிசு குடுத்திருக்காக போல, தம்பி."

எனக்கும் புரியவில்லை. போனில் தேடினேன்.

'கொடு' என்று பொருள்படும் வேரில் பிறந்த சொல்லாம். ஆங்கிலத்தில் பரிசு. ஜெர்மனில் விஷம். சுவீடன் மொழியிலோ கல்யாணம் ஆனவர். பெண் கொடுப்பதிலிருந்து வந்ததாம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

அவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இறங்கும்போது, "நாங்க குடுக்கலையே, தம்பி" என்றார்.

பரிசு என்றே விட்டிருக்கலாமோ? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?