விட்டுவிடலாம் என்று எழுதிய பக்கம்

திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆதிநாராயணன் புத்தகக் கடை வைத்திருக்கிறார். போலீஸ் வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு கைடுகளோடு ஓட்டப் பயிற்சிப் புத்தகங்களும் விற்பார். அடுத்த செருப்புக் கடை என்னுடையது. அவர் விற்ற ஒரு புத்தகத்தில் வெறுங்காலில் ஓடுவதுதான் நல்லது என்று போட்டிருந்தது. ஒரு மாதம் நான் அவரோடு பேசவில்லை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு, தொப்பை வேறு. ஆனாலும் எந்த ஓட்டப் புத்தகத்தையும் தானே ஓடிப் பார்க்காமல் விற்க மாட்டார். விடியற்காலையில் புத்தகமும் கையுமாக ஏரிக்கரைக்குப் போய், முதல் வாரப் பயிற்சியை அப்படியே செய்து, பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார். ‘மூச்சு வாங்குகிறது, பரவாயில்லை.’ ‘வாந்தி.’ ‘பனிக்குக் கையுறை நமக்கு வேண்டாம்.’ மேட்டில் ஓடு என்று ஒரு புத்தகம் சொன்னதற்காக பஸ் பிடித்துப் பனமலைக்குப் போனார். கோயில் வரை ஓடி, சாமி கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தார். பிள்ளைகள் அச்சை விட அந்தப் பென்சில் எழுத்தைத்தான் நம்பினார்கள்.

அனந்தபுரத்துக் கலைப்பிரியாவும் அதை நம்பித்தான் ஒன்று வாங்கினாள். அதில் வாரம் ஒரு நாள் ஓய்வைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. சும்மா இருப்பதில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்று ஆதிநாராயணன் அதைப் படிக்கவேயில்லை. ‘இதை விட்டுவிடலாம்’ என்று எழுதியிருந்தார். அவளும் விட்டுவிட்டாள். ஏழு நாளும் ஓடினாள், ஓடி வந்து வேர்க்கடலைக் கொல்லையில் களையும் வெட்டினாள். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கால் எலும்பில் விரிசல் விட்டது.

கட்டுப் போட்ட காலோடு கடைக்கு வந்தவள் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஒரு வாய்ப்புதான் பாக்கி, அதோடு வயது தாண்டிவிடும், அதற்கு எந்தப் புத்தகம் நல்லது என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் மனுஷன் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

அதன்பின் கடையில் இருந்த ஓட்டப் புத்தகங்களில் எல்லாம் ஓய்வு அத்தியாயத்தை மட்டும் படித்தார். ஐந்தை ஒதுக்கி ஒன்றை வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு எழுந்து வந்து என் கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டார். நான் போடச் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாயங்காலம் வரை தாங்கினார். ‘ஓடுவதை விடக் கஷ்டம். விடவே கூடாது’ என்று எழுதினார்.

அந்தப் புத்தகத்தை அவரே அனந்தபுரத்துக்கு எடுத்துப் போனார். நானும் போனேன், பெண்ணுக்கு ஷூ அளவு பார்க்கலாம் என்று. அவளுடைய அம்மா சின்னபொண்ணுவுக்குப் படிக்கத் தெரியாது. உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்.

“வாரத்துல ஒரு நாளு பாப்பாவ சும்மா வுடணும்மா.”

“சும்மான்னா?”

“படுத்துக்கினு இருக்கணும்.”

“மல்லாட்டைல களை நிக்குது. அத யாரு வெட்றது?”

அது புத்தகத்தில் இல்லை. ஆதிநாராயணன் காப்பியைக் குடித்தார்.

மறு வருஷம் கலைப்பிரியா நாலு நொடி மிச்சம் வைத்து ஓடி முடித்தாள். சின்னபொண்ணு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

“பாஸாயிட்டாண்ணா. ட்ரெயினிங் போயிட்டா. இது வேற யாருக்குனா ஆவும்.”

ஆதிநாராயணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் வியாபாரி, அவளுடைய செருப்பைப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரிந்தது.

“அந்த ஒரு நாளு சமாச்சாரத்த இன்னொரு தபா படிங்கண்ணா,” என்றாள். அவர் படித்தார். கடைசி வரை கேட்டாள்.

“அவ பங்கு களையயும் நான்தான் வெட்னேன். ஓடாதவங்களுக்கு இதுல எதுனா போட்டுக்குதா?”

அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை புரட்டினார். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார்.

“போடலம்மா.”

“செரி, வர்றேன். மல்லாட்டை ஆயணும், பஸ்ஸு பூடும்.”

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.